ஒரு கேமராவிலிருந்து தொடங்கும் பாடம்

நவீன சீனப் புரட்சிகள் என்றால் மாணவர்கள் ஆண்டுகளைத்தான் ஒப்பிக்கிறார்கள்: 1911இல் மன்னராட்சியை வீழ்த்திய புரட்சி வெடித்தது, 1949இல் மக்கள் குடியரசு பிறந்தது, 1966இல் கலாசாரப் புரட்சி தொடங்கியது. இந்தக் கடைசி ஆண்டை ஒரு கேமராவிலிருந்து சொல்லித் தர வேண்டும் என்பேன். 1966 ஆகஸ்ட் 5 அன்று பெய்ஜிங்கில் ஒரு பெண்கள் பள்ளியின் துணைத் தலைமையாசிரியை பியான் சோங்யுன், மாணவிகளாலேயே கலாசாரப் புரட்சியின் பெயரால் அடித்துக் கொல்லப்பட்டார். மறுநாள் அவருடைய கணவர் வாங் ஜிங்யாவ் கடைக்குப் போய் ஒரு கேமரா வாங்கினார். மனைவியின் காயம்பட்ட உடலைப் படமெடுத்தார். இரத்தம் தோய்ந்த உடைகளைப் பல ஆண்டுகள் பத்திரமாக வைத்திருந்தார். இதைச் சொல்லும்போது, 1949க்கு முன் உழவர்களைப் புரட்சியைத் தேடவைத்த பசியையும் மறைக்கக் கூடாது, அதுவும் உண்மையே. அந்தக் கொலையை மனித உரிமை மீறல் என்று சொல்லித் தரும்போது, மனித உரிமை மேலைநாட்டுச் சரக்கு என்று யாராவது மறுத்தால், 1948 உலக மனித உரிமைப் பிரகடனத்தை வரைந்த குழுவின் துணைத் தலைவர் பி.சி. சாங் ஒரு சீனர் என்பதைப் பிள்ளைகள் எடுத்துச் சொல்ல வேண்டும். பியானைக் கொன்ற மாணவிகளுக்குப் புரட்சி முழக்கங்களெல்லாம் மனப்பாடம். எதிரில் நிற்பவரும் மனிதர் என்ற ஒரு பாடம்தான் விடுபட்டுப் போயிற்று. எந்த நாட்டு வகுப்பறையிலும் அது இனி விடுபடக் கூடாது.