அமீன் சயானி தந்த இந்தி

மும்பையில் பிறந்து மும்பையிலேயே மறைந்த ஒருவரை இந்நகரத் தமிழர்களில் நேரில் கண்டவர்கள் மிகச் சிலர். ஆனால் நாற்பது வயதைத் தாண்டியவர்களில் அவருடைய குரலைக் கேளாதவர் அதைவிடச் சிலரே இருப்பர். வானொலி அறிவிப்பாளர் அமீன் சயானி 2024-ஆம் ஆண்டு பிப்ரவரி 20-ஆம் தேதி தமது 91-வது வயதில் காலமானார். 2009-ல் பத்மஸ்ரீ பெற்றவர். ஆயிரக்கணக்கான நிகழ்ச்சிகளையும் விளம்பரங்களையும் தம் குரலில் தந்தவர். அமிதாப் பச்சனுக்குக் குரல் தேர்வு நடத்த அவருக்கு நேரமில்லாமல் போன கதையைப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. சுவையான கதைதான். ஆனால் பிழைப்புத் தேடி இந்நகருக்கு வந்த தமிழனுக்கு அவர் செய்த உதவி அந்தக் கதையில் இல்லை. கேட்காமலே, சம்பளம் வாங்காமலே, பாடம் என்று சொல்லாமலே, அவனுக்கு இந்தி கற்றுக் கொடுத்தவர் அவர்.

அன்றைய பம்பாயில் தாதர் நிலையத்தில் டிரங்குப் பெட்டியோடு இறங்கிய திருநெல்வேலிக்காரருக்கும் தஞ்சாவூர்க்காரருக்கும் இந்தி எங்கிருந்து வந்தது? பஸ் கண்டக்டரின் அதட்டலிலிருந்து வந்தது. காய்கறிக்காரியிடம் பேரம் பேசியதிலிருந்து வந்தது. ஆலையிலும் தோல் கிடங்கிலும் மேஸ்திரி திட்டியதிலிருந்து வந்தது. கோட்டைப் பகுதி ஆபீசுகளில் குமாஸ்தாவாகவும் டைப்பிஸ்டாகவும் அமர்ந்தவர்கள் ஆங்கிலத்தை வைத்துப் பகல் பொழுதை ஓட்டிவிடலாம். மாலையில் ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது அந்த ஆங்கிலம் உதவாது. தெருவில் கற்ற இந்தி வேலைக்கு ஆகும். ஆனால் அது பெரும்பாலும் 'தூ' என்றும் 'தும்' என்றும் ஒருமையில் அழைக்கும் இந்தி. 'மதராஸி' என்ற சொல்லையும் கூடவே சேர்த்துத் தரும் இந்தி.

புதன்கிழமை இரவு எட்டு மணிக்கு வந்த இந்தி வேறு. அது சகோதரிகளை முதலில் அழைத்து, பிறகு சகோதரர்களை அழைக்கும். கேட்பவன் யாராயினும் 'ஆப்' என்று மரியாதையோடு பேசும். தன்னை உங்கள் நண்பன் என்று சொல்லிக்கொள்ளும். தாராவியில் பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேரோடு படுத்திருந்த இளைஞனிடமும், மாதுங்கா மெஸ்ஸில் சாப்பிட்டுத் திரும்பிய குமாஸ்தாவிடமும் இந்தி பேசியவர்களில் முதன்முதல் மரியாதை காட்டியது வானொலிப் பெட்டிக்குள் இருந்த அந்த மனிதர்தான் என்றால் மிகையில்லை. சொந்தமாக ரேடியோ இல்லாவிட்டால் என்ன, சால் குடியிருப்பில் ஒரு வீட்டில் இருந்தால் வராந்தா முழுவதற்கும் கேட்கும். ரேடியோ வைத்துக்கொள்ளத் தபாலாபீசில் பணம் கட்டி லைசென்ஸ் எடுக்க வேண்டியிருந்த காலம் அது.

இத்தனைக்கும் அமீன் சயானி இந்தியைத் தாய்மொழியாகக் கொண்டவர் அல்லர். வீட்டில் புழங்கியது குஜராத்தி. அண்ணன் ஹமீத் சயானி ஆங்கில ஒலிபரப்பில் பெயர் பெற்றவர்; தம்பியும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில்தான் தொடங்கினார். இந்தி அறிவிப்பாளராக அகில இந்திய வானொலிக்கு முயன்றபோது, உச்சரிப்பில் குஜராத்தியும் ஆங்கிலமும் கலந்திருப்பதாகச் சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டார். அதன்பின் இலங்கை வானொலிக்காகப் பம்பாயில் ஒலிப்பதிவு செய்யப்பட்ட இந்தி நிகழ்ச்சிகளை உடனிருந்து கவனித்துக் கற்றார். ஒரு நாள் ஓவல்டின் நிகழ்ச்சிக்குக் குரல் தர வேண்டியவர் வரவில்லை. சயானி படித்தார். அவருக்குக் கிடைத்த ஊதியம் வாரம் ஒரு டப்பா ஓவல்டின்!

பிறமொழிக்காரர் ஒருவர் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்ட மொழி அது. எந்தச் சொல் புதியவனுக்கு இடறும், எது எளிதில் நாவில் ஒட்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்ததற்கு இதுவே காரணமாயிருக்கலாம்.

மற்றொரு காரணம் அவருடைய தாயார். குல்சூம் சயானி முதியோர் கல்விக்காக வீடு வீடாக ஏறி இறங்கியவர். காந்தியடிகளின் ஊக்கத்தோடு 1940 முதல் 1960 வரை 'ரஹ்பர்' என்ற சிறு பத்திரிகையை நடத்தினார். புதிதாக எழுத்தறிந்தவர்களுக்கான பத்திரிகை அது. மொழி ஒன்றே, எல்லோருக்கும் புரியும் எளிய ஹிந்துஸ்தானி. எழுத்து மட்டும் மூன்று: நாகரி, உருது, குஜராத்தி. பள்ளிப் பையனாக இருந்த அமீன் அந்தப் பத்திரிகை வேலையில் தாய்க்கு உதவினார். கடினமான சொல்லைக் கண்டால் அதைத் தூக்கிவிட்டு, கூலிக்காரனுக்கும் புரியும் சொல்லைப் போடும் பழக்கம் அங்கே வந்ததுதான். பிற்காலத்தில் கோடிக்கணக்கானோர் காதாரக் கேட்டது அந்தத் தாயாரின் பத்திரிகை நடையை என்றே சொல்லலாம்.

அந்தக் குரல் நாட்டுக்குக் கிடைத்ததில் டில்லி சர்க்காருக்கும் ஒரு பங்கு உண்டு, அது விரும்பிச் செய்த பங்கு அல்லவென்றாலும். 1952-ல் தகவல் ஒலிபரப்பு மந்திரியாக வந்த பி.வி.கேஸ்கர் சாஸ்திரிய சங்கீதத்தில் பற்றுடையவர். சினிமாப் பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்பது அவர் எண்ணம். அகில இந்திய வானொலியில் சினிமாப் பாடல்கள் குறைந்து குறைந்து, அருகிப் போயின. செய்திகளில் வந்த இந்தியோ, வடநாட்டவரே புரியவில்லை என்று குறைசொல்லும் அளவுக்கு வடமொழி ஏறிய இந்தி. அதே சமயத்தில் கொழும்பில், உலக யுத்தத்தின்போது நேச நாட்டுப் படைகளுக்காக நிறுவப்பட்ட சக்தி வாய்ந்த சிற்றலை ஒலிபரப்பி ஒன்று இலங்கை அரசின் கையில் இருந்தது. அதை வைத்து அவர்கள் வர்த்தக ஒலிபரப்பு நடத்தினார்கள். இந்தியா வேண்டாம் என்று தள்ளிய பாடல்கள் பம்பாயில் பதிவாகி, ஒலிநாடாக்களாக விமானத்தில் கொழும்பு போய், அங்கிருந்து கடல் தாண்டி இந்தியாவுக்கே திரும்பி வந்தன. விளம்பரக் கட்டணமும் கொழும்புக்கே போயிற்று!

1952 டிசம்பர் 3-ஆம் தேதி 'பினாகா கீத்மாலா' தொடங்கியது. பற்பசைக் கம்பெனியின் விளம்பர நிகழ்ச்சி. அனுபவசாலிகள் யாரும் ஏற்க விரும்பாத வேலை. சொற்பொழிவும் இவரே, கடிதங்களைப் பார்ப்பதும் இவரே, வாரத்துக்கு 25 ரூபாய். ஏழு பாடல்களை மாற்றிப் போட்டு, சரியான வரிசையைச் சொல்லும் நேயருக்குப் பரிசு என்று அறிவித்தார்கள். முதல் நிகழ்ச்சிக்கே 9,000 கடிதங்கள் வந்து குவிந்தன. பிறகு அது வாரத்துக்கு 65,000 வரை ஏறியதாகச் சயானி பலமுறை சொல்லியிருக்கிறார். இதற்குமேல் போட்டி நடத்த முடியாது என்ற நிலையில், செல்வாக்கை வைத்துப் பாடல்களை வரிசைப்படுத்தும் முறை வந்தது. ரிக்கார்டுக் கடைகளின் விற்பனைக் கணக்கோடு, ஊர் ஊராகத் தோன்றிய நேயர் சங்கங்களின் கருத்தையும் சேர்த்து வரிசை போட்டார்கள். அபிரகச் சுரங்கங்கள் நிறைந்த ஜும்ரி தலையா என்ற சிற்றூர், ரேடியோவுக்குக் கடிதம் எழுதியே இந்தியா முழுதும் பெயர் பெற்றது.

முதல் நம்பர், இரண்டாம் நம்பர் என்று அவர் சொல்லவில்லை. 'பாய்தான்' என்றார், படி என்று பொருள். ஒரு பாடல் இந்த வாரம் எந்தப் படியில் நிற்கிறது, போன வாரம் எங்கே நின்றது, யாரைத் தள்ளிவிட்டு மேலே ஏறியது என்று குடும்பச் சேதி போலச் சொல்வார். உச்சிப் படிக்கு வந்த பாடலுக்கு எக்காளம் முழங்கும். பாட்டின் வரிகள் புரியாதவனுக்கும் இந்த ஏற்ற இறக்கம் புரியும். இந்தி எண்களை எத்தனையோ பேர் பாய்தான் கணக்கில்தான் மனப்பாடம் செய்தார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்குக் கொழும்பு புதிதல்ல. தூத்துக்குடியிலும் நாகர்கோவிலிலும் இராமநாதபுரத்திலும் இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பைக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். எஸ்.பி.மயில்வாகனன், பின்னாளில் கே.எஸ்.ராஜா போன்றவர்களின் பெயர்கள் சினிமா நடிகர்களின் பெயர்களைப் போல வீடுகளில் புழங்கின. அந்த நிலையம் தமிழில் செய்ததையே இந்தியிலும் செய்தது: நேயரை மதித்துப் பேசியது.

1965-ல் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தமிழ்நாடு கொந்தளித்தது. அதே ஆண்டுகளில் தமிழ்நாட்டுக் கல்லூரி விடுதிகளில் இந்திப் பாட்டை முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். இதில் முரண்பாடு இருப்பதாகச் சிலர் கேலி பேசுவதுண்டு. முரண்பாடு ஏதும் இல்லை. உத்தரவு போட்டு வந்த மொழியை மறுத்தார்கள். நண்பன் என்று கதவைத் தட்டிய மொழிக்குத் திண்ணையில் இடம் கொடுத்தார்கள். பல கமிட்டிகள் கூடியும் பிடிபடாத இந்த வேறுபாடு, ஒரு பற்பசை விளம்பர நிகழ்ச்சிக்குப் பிடிபட்டிருந்தது.

வேலூரில் பிறந்த வாணி ஜெயராம் சிறு வயதில் இலங்கை வானொலியில் இந்திப் பாடல்களைக் கேட்டுக் கேட்டு மனத்தில் பதித்துக்கொண்டவர். ஸ்டேட் பாங்கு ஊழியர். மணமாகிப் பம்பாய்க்கு வந்தவர். 1971-ல் 'குட்டி' என்ற இந்திப் படத்தில் அவர் பாடிய பாடல்கள் நாடெங்கும் ஒலித்தன. எந்த நிகழ்ச்சியைக் கேட்டு வளர்ந்தாரோ அதே கீத்மாலாவில் சயானியின் வாயால் அவர் பெயர் அறிவிக்கப்பட்டபோது, இந்நகரத்து பாங்குகளிலும் இன்ஷ்யூரன்ஸ் ஆபீசுகளிலும் பணியாற்றிய தமிழர்களுக்கு ஏற்பட்ட பெருமிதம் சாதாரணமானதல்ல. 1966-க்குப் பின் சில ஆண்டுகள் தென்னிந்தியர்கள் வேலைகளைப் பறிக்கிறார்கள் என்று இந்நகரில் கிளர்ச்சி நடந்ததையும், தமிழர் கடைகள் தாக்கப்பட்டதையும் நினைவில் கொண்டால் அந்தப் பெருமிதத்தின் காரணம் விளங்கும்.

கீத்மாலா 1988 வரை கொழும்பிலிருந்து வந்தது. 1989-ல் விவிதபாரதிக்கு மாறி 1994 வரை நடந்தது. தொலைக்காட்சி வீட்டுக்கு வீடு வந்த பிறகு புதன்கிழமைக்கென்று தனிச் சிறப்பு இல்லாமல் போயிற்று. எப்.எம். நிலையங்கள் பெருகின. இன்றைய அறிவிப்பாளர்களில் திறமைசாலிகள் இல்லாமலில்லை. ஆனால் நிமிஷத்துக்கு இருநூறு சொல் வேகத்தில் பேசினால், மொழி தெரிந்தவனே மூச்சு வாங்குகிறான், புதியவன் என்ன செய்வான்?

அந்தப் புதியவன் இப்போது வேறு திசையில் பயணம் செய்கிறான் என்பதைத் தமிழர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். ஜும்ரி தலையா இன்று ஜார்க்கண்ட் மாநிலத்தில் இருக்கிறது. அந்த மாநிலத்திலிருந்தும் பீகார், ஒடிசாவிலிருந்தும் இளைஞர்கள் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும், கோவைப் பட்டறைகளுக்கும், சென்னைக் கட்டட வேலைகளுக்கும் வருகிறார்கள். அவர்களுக்குத் தமிழ் எங்கிருந்து கிடைக்கிறது? கண்டக்டரின் அதட்டலிலிருந்தும் மேஸ்திரியின் ஏச்சிலிருந்தும்தான். 'வாடா', 'போடா' என்பதே அவர்கள் முதலில் கேட்கும் தமிழ். 'மதராஸி' என்ற சொல் இங்கே பட்ட காயத்தை அறிந்தவர்களுக்கு, அங்கே 'வடக்கன்' என்ற சொல் எப்படிப் படும் என்று விளக்க வேண்டியதில்லை.

2023 மார்ச்சில் நடந்ததை மறப்பதற்கில்லை. தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்யான வீடியோக்கள் பரவின. பலர் அஞ்சி ஊருக்கு ரயிலேறினர். அரசும் போலீசும் மறுத்தன. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு நேரில் வந்து விசாரித்தது. செய்தி பொய் என்பது தெளிவாயிற்று. ஆனால் அந்த நாட்களில் அத்தொழிலாளர்களுக்குப் பழக்கமான, அவர்கள் நம்பக்கூடிய ஒரு குரல் தமிழ்நாட்டிலிருந்து அவர்கள் காதுக்கு எட்டவில்லை. ஆண்டுக்கணக்கில் வாரந்தோறும் கேட்ட குரல் ஒன்று, பயப்பட வேண்டாம் என்று சொல்லியிருந்தால் ரயிலேறியவர்களில் பாதிப் பேர் நின்றிருப்பார்கள்.

கோவையிலும் சென்னையிலும் வானொலி நிலையங்கள் இருக்கின்றன. தனியார் எப்.எம். நிலையங்களும் இருக்கின்றன. வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்குவது அவற்றுக்குப் பாரமாகாது. இலக்கண வகுப்பு வேண்டாம்; சர்க்கார் பிரசாரமும் வேண்டாம். தமிழ்ப் பாட்டும் இந்திப் பாட்டும் போஜ்புரிப் பாட்டும் கலந்து போட்டு, இடையிடையே நிறுத்தி நிதானமாக, 'நீங்கள்' என்று அழைத்துத் தமிழில் பேசும் ஓர் அறிவிப்பாளர் இருந்தால் போதும். அவர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவராய் இருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை; சௌகார்பேட்டையில் பிறந்து தமிழ் கற்ற மார்வாடி இளைஞராகவும் இருக்கலாம். செலவுக்கு அன்று ஒரு பற்பசைக் கம்பெனி முன்வந்தது. அயல்நாடுகளுக்குப் பனியன் ஏற்றுமதி செய்து அந்நியச் செலாவணி ஈட்டும் திருப்பூர் முதலாளிகளுக்கு இது ஒரு செலவே அல்ல.

மும்பைத் தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் தமிழ்நாட்டுப் பிரமுகர்களை அழைப்பது வழக்கம். மேடையேறும் மந்திரிகளிடமும் எம்.பி.க்களிடமும் கொடுக்கும் மனுக்களில் ரயில் வசதிக்கான கோரிக்கை எப்போதும் இருக்கும். இந்த வானொலிக் கோரிக்கையையும் அடுத்த மனுவில் சேர்க்கலாம். புதன்கிழமை என்பது கட்டாயமில்லை. திருப்பூரில் ஞாயிற்றுக்கிழமைதான் விடுமுறை. அன்று மாலை தோதாக இருக்கும்.