மாளிகைக்குள் வந்த கருஞ்சட்டை

பிரிட்டிஷ் தொலைக்காட்சியின் வரலாற்றுத் தொடர்களுக்கு நம் தோழர்களிடையேயும் ரசிகர்கள் உண்டு. மேல்தளத்தில் பிரபு குடும்பம், கீழ்த்தளத்தில் பணியாளர்கள், இரண்டையும் பிணைக்கும் விசுவாசம். அந்த விசுவாசத்துக்கே அங்கு ‘பாரம்பரியம்’ என்று பெயர். சுரண்டல் உறவு குடும்ப உறவாக வேடமிட்டு வருகிறது. அரசியலோ அக்குடும்பத்தின் அமைதியைக் குலைக்க வெளியிலிருந்து வரும் நோயாகிவிடுகிறது.

‘டவுன்டன் அபே’ தொடரின் கார் ஓட்டுநர் டாம் பிரான்சன், அயர்லாந்தைச் சேர்ந்த சோசலிஸ்ட். பிரபுவின் மகளை மணக்கிறார்; பின்னர் அதே பண்ணையை நிர்வகிக்கிறார். வாதத்தில் வெல்ல முடியாதவரை விருந்து மேசையில் வென்றுவிடுகிறார்கள். தொடரை எழுதிய ஜூலியன் ஃபெலோஸ், கன்சர்வேடிவ் கட்சியின் சார்பில் பிரபுக்கள் அவையில் அமர்ந்தவர். தொடரின் கதை 1926 புத்தாண்டு பிறக்கும் இரவோடு முடிகிறது. 2019இல் வந்த திரைப்படமோ 1927இல் தொடங்குகிறது. இடையில் விடுபட்டது எது? சுரங்கத் தொழிலாளர்களுக்காக சுமார் 17 லட்சம் பேர் ஒன்பது நாட்கள் நடத்திய 1926 மே மாதப் பொது வேலைநிறுத்தம். தற்செயல் என நம்ப விரும்புவோர் நம்பலாம்.

பாசிசத்தைச் சித்திரிக்கும் முறை இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. பிபிசி 2010இல் புதுப்பித்த ‘அப்ஸ்டேர்ஸ் டவுன்ஸ்டேர்ஸ்’ 1936ஆம் ஆண்டு லண்டனில் நிகழ்கிறது. நாஜி ரிப்பன்ட்ராப் மாளிகைக்கு வருவதைக் காட்டும் நேர்மை அத்தொடருக்கு உண்டு. ஆயினும் எஜமானியின் தங்கையைப் பாசிஸ்டுத் தலைவர் மோஸ்லியின் இயக்கத்துக்குள் அழைத்துச் செல்பவர் யார்? கார் ஓட்டுநர்! (மோஸ்லியின் ஆட்கள் அணிந்த கருஞ்சட்டைக்கும் பெரியார் தொண்டர்களின் கருஞ்சட்டைக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.)

உழைப்பாளர் எவரும் மோஸ்லியின் பின்னே செல்லவில்லை என்று நாம் வாதிட வேண்டியதில்லை, சென்றார்கள். ஆனால் கதவைத் திறந்துவிட்டவர்கள் யார்? மோஸ்லி பரம்பரைப் பட்டம் கொண்ட நிலவுடைமைக் குடும்பத்தவர். அவருடைய முதல் மனைவி சிந்தியா, வங்கத்தைப் பிளந்த கர்சன் பிரபுவின் மகள். 1934 ஜனவரியில் தமது ‘டெய்லி மெயில்’ ஏட்டில் கருஞ்சட்டைப் படைக்கு வாழ்த்துப் பாடியவர் ரோதர்மியர் பிரபு.

1936 அக்டோபர் 4 அன்று யூதர்கள் மிகுந்த கிழக்கு லண்டன் வழியே அணிவகுக்க மோஸ்லி முனைந்தபோது, வழி திறந்துகொடுக்கப் பல்லாயிரம் போலீசார் நின்றனர். யூதத் தையல் தொழிலாளர்களும் அயர்லாந்துத் துறைமுகத் தொழிலாளர்களும் கம்யூனிஸ்டுகளும் கேபிள் தெருவில் தடுப்பரண் எழுப்பினர், அணிவகுப்பு கைவிடப்பட்டது. இரண்டே நாட்களில் மோஸ்லி பெர்லினில், கெபல்ஸின் இல்லத்தில், ரெட்ஸ்டேல் பிரபுவின் மகள் டயானாவை மறுமணம் செய்துகொண்டார். விருந்தினர்களில் ஒருவர் ஹிட்லர்.

மோஸ்லியையும் அவரைத் தடுத்தவர்களையும் ஒரே ‘தீவிரவாதம்’ என்னும் சொல்லில் அடைக்கும் பழக்கம் இத்தொடர்களோடு நிற்பதில்லை. மொழிபெயர்க்க வரும் ஆங்கிலச் செய்திக் கட்டுரைகளில் நாள்தோறும் அதைக் காண்கிறேன். இரு கோடிகளுக்கும் நடுவே நிதானத்தின் இருப்பிடமாக மாளிகை மட்டும் மிஞ்சுகிறது. அம்மாளிகைக்கு வாடகை செலுத்திய குடியானவனும், அதன் அடுப்புக்கு நிலக்கரி வெட்டியவனும் திரைக்கு வெளியே நிற்கிறார்கள்.

கேபிள் தெரு மக்களோ தம் தீர்ப்பை 1945இல் வாக்குச்சீட்டில் எழுதினர். அன்றைய எதிர்ப்பை ஒருங்கிணைத்தவர்களில் ஒருவரான கம்யூனிஸ்ட் பில் பிராட்டின், மைல் எண்ட் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றார்.