கோள் செய்யும் பாடவேளை

புதிதாக ஒரு கோள் செய்வோம் என்றால் பெயர் வைக்க எல்லாக் கைகளும் உயரும். ‘சரி, அது தன் சூரியனைச் சுற்றிவர எத்தனை நாள்?’ என்று கேட்டதும் வகுப்பு அடங்கிவிடும். கணக்கு டீச்சராகிய எனக்கு அந்த அமைதி மிகவும் பிடிக்கும். யாரும் மிரட்டாமல் பிள்ளைகள் தாங்களாகவே ஒரு கணக்கைத் தேடும் நேரம் அது.

எங்கள் பள்ளிக் கணினி அறையில் செலஸ்டியா என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. கிறிஸ் லாரல் உருவாக்கிய அது 2001-இல் வெளிவந்தது. ஹிப்பார்க்கஸ் செயற்கைக்கோள் அளந்த 1 லட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன்கள் அதில் அதனதன் இடத்தில் நிற்கின்றன. எந்த விண்மீனைச் சுற்றியும் நாமே ஒரு கோளை ஓடவிடலாம். பெயர், ஆரம், தொலைவு, சுற்றும் காலம் என்று நோட்பேடில் சில வரிகள் எழுதி, ‘எக்ஸ்ட்ராஸ்’ ஃபோல்டரில் போட்டால் போதும்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி நம் சூரியனுக்கே ஒரு கோளைச் சேர்த்தாள். தொலைவு, பூமிக்கு இருப்பதைப்போல் ஒன்றரை மடங்கு. சுற்றும் காலம் 1 ஆண்டு. கோள் அழகாக ஓடியது. செலஸ்டியா ஈர்ப்பு விசையைக் கணக்கிடாது. கொடுத்த எண்ணை அப்படியே வரைந்து காட்டும். “ஓடுதே டீச்சர்!” என்றாள். “பக்கத்துல செவ்வாய் ஓடுது பாரு” என்றேன். ஏறக்குறைய அதே தொலைவு. ஆனால் அதற்கு 687 நாள். தன் கோள் செவ்வாயை முந்திப்போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், “அப்ப என்னோடதுதான் தப்பு” என்றாள். அன்றுதான் கெப்ளரின் மூன்றாம் விதியைக் கரும்பலகையில் எழுதினேன். நம் சூரியனைச் சுற்றும் கோளின் தொலைவைப் பூமியின் தொலைவாலும் காலத்தை ஆண்டாலும் அளந்தால், தொலைவின் கனமும் காலத்தின் வர்க்கமும் சமம். 1.5-இன் கனம் 3.375, அதன் வர்க்கமூலம் 1.84. தன் கோளின் காலத்தை அவளே திருத்தினாள்.

‘விளையாடவா கணினி அறை?’ என்று சிலர் கேட்கிறார்கள். இந்த விளையாட்டில் விதியைத் தேடிப் போக வேண்டியிருக்கிறதே! ‘பொய்க்கோளை நிஜமென்று நம்பிவிட்டால்?’ என்ற கவலை நியாயமானது. அதனால் எங்கள் கோள்களின் பெயரெல்லாம் ‘கற்பனை’ என்றே தொடங்கும்.

இல்லாத கோளை எண்ணிப் பார்ப்பது வானியலில் பழைய வழக்கம். யுரேனஸின் பாதைப் பிசகைக் கொண்டு வானியலாளர் லெவெரியே கணக்கிட்ட இடத்துக்கு மிக அருகில் 1846-இல் நெப்டியூன் அகப்பட்டது. புதனின் பிசகுக்கும் அவர் 1859-இல் ஒரு கோளைக் காரணம் சொன்னார். வல்கன் என்று பெயரும் வந்தது. அப்படி ஒரு கோளே இல்லை. அந்தப் பிசகை 1915-இல் ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கொள்கை விளக்கியது.

நம் சென்னையிலும் இது நடந்தது. 1855-இல் சென்னை வானாய்வகத்தின் தலைவர் டபிள்யூ. எஸ். ஜேக்கப், 70 ஓபியூக்கி என்ற இரட்டை விண்மீனின் பாதையில் பிசகு கண்டு, அங்கே ஒரு கோள் இருக்கக்கூடும் என்று எழுதினார். பின்னாளைய அளவீடுகள் அதை ஏற்கவில்லை. ஆனாலும், சூரியனைப் போன்ற வேறொரு விண்மீனுக்குக் கோள் உண்டு என்று 1995-இல் உறுதியாவதற்கு 140 ஆண்டுகளுக்கு முன்பே, நுங்கம்பாக்கத்தில் ஒருவர் அதைக் கணக்கில் தேடியிருக்கிறார்.

இந்த ஆண்டு ஜேக்கப்பின் விண்மீனுக்கு நாங்கள் ஒரு கோள் செய்தோம். அங்குள்ள பெரிய சூரியனுக்கு நம் சூரியனின் ஒளியில் பாதிக்குச் சற்று மேல். பூமிக்குக் கிடைக்கும் வெளிச்சம் வேண்டுமானால் கோள், பூமியின் தொலைவில் முக்கால் பங்கில் இருக்க வேண்டும். அப்போது ஓர் ஆண்டுக்குச் சுமார் 250 நாள். இரண்டாம் சூரியன் நம் கணக்கில் 88 ஆண்டுக்கு ஒருமுறை நெருங்கி வரும். “அப்ப அங்க பாட்டிங்க மட்டுந்தான் அத ரெண்டு தடவ பாத்திருப்பாங்க” என்றாள் அதே மாணவி. எண்களை அடுக்கிய எனக்கு அந்தப் பாட்டிகள் தோன்றவில்லை.

தலைமையாசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். வாரத்தில் ஒரு பாடவேளையை இதற்குக் கொடுங்கள். மென்பொருளுக்குக் காசு இல்லை. நிறுவிய பிறகு இணையமும் தேவையில்லை. மதிப்பெண் மட்டும் போடாதீர்கள். தவறான கோளும் ஓடட்டும். ஏன் தவறு என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.