வணிகர் பக்கம்: மூன்று ஊர்க் கடைகளுக்கு ஒரே தொலைபேசி

மேற்கே அம்பாசமுத்திரத்தில் ஒரு கடை, நடுவே மேலப்பாளையத்தில் தலைமைக் கடை, கடலோரம் காயல்பட்டினத்தில் மற்றொரு கடை என்று தொழில் நடத்துவோர் நம்மிடையே உள்ளனர். இவ்வூர்களின் எஸ்.டி.டி. குறியீடுகள் 04634, 0462, 04639 என வெவ்வேறானவை. சரக்கு இருப்பை விசாரிப்பதற்குக்கூடத் தொலைவையும் நேரத்தையும் கணக்கிட்டுக் கட்டணம் செலுத்திய காலம் மலையேறிவிட்டது. கடைதோறும் உள்ள இ.பி.ஏ.பி.எக்ஸ். பெட்டிகளை இன்று இணையத்தின் வழியே பிணைத்துவிட்டால், பக்கத்து அறையை அழைப்பதுபோல் மூன்று இலக்கங்களை அழுத்திக் காயல்பட்டினத்தை அழைக்கலாம்.

குரலுக்கு மிகுந்த இடம் வேண்டியதில்லை. வழக்கமான முறையில் ஓர் உரையாடலுக்கு நொடிக்கு 64 கிலோபிட். வழிகாட்டும் தகவல்களையும் சேர்த்தால் ஏறத்தாழ 90. பத்துப் பேர் ஒரே வேளையில் பேசினாலும் ஒரு மெகாபிட்டுக்குள் அடங்கிவிடும். ஆகவே வேகத்தைப் பற்றி விற்பனையாளர் அளப்பதில் மயங்க வேண்டாம். கேட்க வேண்டிய கேள்வி வேறு: இணைப்பு அறுந்தால் கிளை என்ன செய்யும்?

சிக்கனம் கருதித் தலைமைக் கடையில் மட்டும் பெட்டியை வைத்து, கிளைகளில் வெறும் கருவிகளை வைப்போர் உண்டு. அவ்வமைப்பில் இணையம் நின்றுவிட்டால், காயல்பட்டினக் கடையின் கல்லாவிலிருந்து அதே கடையின் கிடங்கை அழைப்பதற்கும் வழியிராது. இது வெறும் அச்சமன்று. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. பதிவாயிற்று. தாமிரபரணி கரை புரண்டது, சாலைகள் அறுந்தன, ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் ரயில் பயணிகள் சிக்கித் தவித்தனர். மின்சாரமும் கைபேசியும் பல இடங்களில் ஓய்ந்தன.

எனவே கிளைதோறும் சிறிய பெட்டி ஒன்றும், அவ்வூருக்கே உரிய வெளி இணைப்பு ஒன்றும் இருத்தல் வேண்டும். பழைய செப்புக்கம்பித் தொலைபேசிக்கு இணைப்பகமே 48 வோல்ட் மின்சாரம் அனுப்பிற்று. வீட்டில் மின்சாரம் போனாலும் அது பேசும். இணையத் தொலைபேசிக்கு அந்தச் சலுகை இல்லை. பெட்டி, மோடம், கருவிகள் அனைத்துக்கும் பேட்டரி தேவை. (மோடத்தை மறந்துவிடுவோரே அதிகம்.) பொருத்த வந்தவர் புறப்படுமுன் இணையக் கம்பியைப் பிடுங்கச் சொல்லி, கிடங்கை அழைத்துப் பாருங்கள்.

பிறிதொன்று. வளைகுடாவிலிருந்து இணையத்தில் வரும் அயலார் அழைப்புகளை உள்ளூர் அழைப்புகளாக மாற்றிவிடும் பெட்டிகளுடன் சிலர் வாடகைக்கு இடம் தேடுவதுண்டு. உங்கள் கடையின் தொலைபேசிப் பெட்டியருகே அதற்கு இடம் கொடாதீர்கள். அனுமதியின்றித் தொலைத்தொடர்புச் சேவை நடத்துவோருக்கு 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் மூன்றாண்டுவரை சிறையோ, இரண்டு கோடி ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது.