அடித்தல் திருத்தல்

பழைய கிரயப் பத்திரம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். எழுதியவர் கை தவறியிருந்தால் அந்தச் சொல்லின் மேல் ஒரு கோடு இருக்கும். பக்கத்தில் சரியான சொல் இருக்கும். பக்கத்தின் அடியில், எத்தனையாவது வரியில் எந்தச் சொல்லை அடித்து எதை எழுதினோம் என்று ஒரு குறிப்பும் கையெழுத்தும் இருக்கும். தவறே நேரவில்லை என்றால் ‘அடித்தல் திருத்தல் இல்லை’ என்று அதையும் எழுதி வைப்பார்கள். சுரண்டி அழித்த பத்திரத்தை யாரும் நம்பமாட்டார்கள்.

கம்ப்யூட்டருக்கு மாறியபோது இந்த நல்ல பழக்கத்தை நம்மில் பலர் வழியில் விட்டுவிட்டோம். எனக்கு இது உறைத்தது கோலார் தங்கவயலில், ஸ்கெலட்டன் என்ற ஓர் இடப்பெயரால்.

தங்கவயலைப் பற்றி வாசகர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே வேலையைத் தொடங்கியது. வட ஆற்காட்டிலிருந்தும் சுற்றுப்புறங்களிலிருந்தும் தமிழர்கள் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. 2001 பிப்ரவரி 28 அன்று எல்லாம் மூடப்பட்டது. லைன் வீடுகளும் சயனைட் மேடுகளும் எஞ்சின. பிள்ளைகள் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்த் திரும்பும் வாழ்க்கை நிலைத்துவிட்டது.

அந்த ஊர் இளைஞர்கள் சிலர் சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களின் விவரங்களைச் சேகரித்து வந்தார்கள். பெயர், தகப்பனார் பெயர், எந்தச் சுரங்கம், எந்த ஷாஃப்ட், எந்த லைன், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை. நாலு நோட்டுப் புத்தகங்களும் ஓர் எக்ஸெல் கோப்பும் நிறைந்திருந்தன. கையில் இருந்த பழைய சீட்டுகள் ஆங்கிலத்தில், சான்றிதழ்கள் கன்னடத்தில், பேச்சு தமிழில். மூன்றையும் ஒத்துப் பார்த்துப் பெயர்களை எழுதித்தர ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று என்னை அழைத்தார்கள்.

எழுத்துக்கூட்டல் சின்ன விஷயம் என்று நினைத்துக்கொண்டு போனேன். ஏழுமலை என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலச் சீட்டு அதை எலுமலை என்று படிக்கும்படி எழுதியிருக்கும். இன்றைய கன்னடத்தில் ழகரம் இல்லை. அங்கே அவர் ஏளுமலை ஆகிவிடுவார். தமிழில் கையெழுத்துப் போடுபவர் ஏழுமலை என்றுதான் போடுவார். ஒருவர் மூவராகிவிட்ட பிறகு, அவர் மனைவி விதவை ஓய்வூதியத்துக்குப் போனால், ‘இந்த மூன்று பேரில் உன் புருஷன் யாரம்மா?’ என்று கேட்காத அலுவலகம் உண்டா?

நண்பர் ஒருவர் பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறார். ‘எல்லாவற்றையும் ஒரு டேட்டாபேஸில் போட்டுவிடுவோம். இன்டர்நெட் வழியாக யார் எங்கிருந்தாலும் திருத்தலாம்’ என்றார். சனி, ஞாயிறு இரண்டே நாளில் செய்தும் கொடுத்தார். அவ்வளவு சீக்கிரம் முடிந்ததற்குக் காரணம் ஜாங்கோ என்ற இலவச மென்பொருள்.

ஜாங்கோ பிறந்தது ஒரு பத்திரிகை அலுவலகத்தில் என்பதைப் பத்திரிகைக்காரன் என்ற முறையில் கொஞ்சம் பெருமையோடு சொல்கிறேன். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற ஊரில் வெளிவரும் ‘லாரன்ஸ் ஜர்னல் வேர்ல்டு’ நாளிதழில் ஏட்ரியன் ஹொலொவாட்டி, சைமன் வில்லிசன் என்ற இரு இளைஞர்கள் 2003-ல் இதை எழுதத் தொடங்கினார்கள். 2005 ஜூலையில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற கிதார் கலைஞரின் பெயரை அதற்கு வைத்தார்கள். செய்தி அறையில் புரோகிராம் தெரியாதவரும் விவரங்களைச் சேர்க்கவும் திருத்தவும் வேண்டும்; அதற்கு ஒவ்வொரு முறையும் தனிப் பக்கம் எழுதிக்கொண்டிருக்க நேரமில்லை. எந்தெந்த விவரம் எந்தெந்தக் கட்டத்தில் என்று சொல்லிவிட்டால் போதும், திருத்தும் பக்கங்களை அதுவே தயாரித்துவிடும்.

எங்களுக்கும் தயாரித்துத் தந்தது. ஒரு பட்டியலில் ஆட்கள், ஒரு பட்டியலில் இடங்கள். ஒவ்வோர் ஆளும் ஓர் இடத்தோடு இணைக்கப்பட்டிருப்பார். எட்டுப் பேருக்குப் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தோம். எட்டுப் பேருக்கும் எல்லா அதிகாரமும் கொடுத்தோம். நம் பிள்ளைகள்தானே!

இடங்களின் பட்டியலில் ஸ்கெலட்டன் இரண்டு முறை இருந்தது. நோட்டைப் பார்த்து அடித்தவர் ஒரு மாதிரியும், எக்ஸெலைப் பார்த்து அடித்தவர் ‘ஸ்கெல்டன்’ என்று வேறு மாதிரியும் எழுதியிருந்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை, பொறுப்பான பையன் ஒருவன் இதைக் கவனித்தான். இரண்டில் ஒன்று தவறுதானே என்று அந்த வரியை அழித்தான். ‘இதோடு தொடர்புள்ள பின்வரும் பதிவுகளும் அழிக்கப்படும், சம்மதமா?’ என்று திரை நீளமாக ஒரு பட்டியல் போட்டுக் கேட்டது. நாமெல்லாம் அந்த மாதிரிக் கேள்விகளை எப்படிப் படிப்போமோ அப்படியே படித்து, சம்மதம் என்றான். அந்த இடத்தோடு இணைக்கப்பட்டிருந்த அறுபதுக்கும் மேற்பட்ட ஆட்கள் அதோடு போனார்கள்.

திங்கட்கிழமை பெங்களூரிலிருந்து ஒரு பெண்மணி போன் செய்தார். ‘எங்க அப்பா பேரைக் காணோமே, எடுத்துட்டீங்களா?’ அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது.

நகல் இருந்தது. வாரம் ஒருமுறை, ஞாயிறு காலை, நண்பரே கையால் எடுத்து வைப்பார். அந்த வார இறுதியில் ஊரில் இல்லாததால் எடுக்கவில்லை. அதுவும் ஒரு வகையில் நல்லதாயிற்று. எடுத்திருந்தால் பழைய நகலின் மேலேயே புதியதை எழுதியிருப்பார். எட்டு நாள் பழைய நகலை மீட்டதில் ஏறக்குறைய எல்லோரும் திரும்பி வந்தார்கள். வராதவர்கள், இடைப்பட்ட நாட்களில் சேர்க்கப்பட்டவர்கள்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை, எண்பது வயது தாண்டிய ஒரு பெரியவர் தம்மோடு கீழே இறங்கிய கோஷ்டியில் ஐந்து பேரின் பெயரைச் சொல்லியிருந்தார். கேட்ட பெண் தாளில் எழுதவில்லை. நேராகப் போனிலேயே பதிந்துவிட்டாள். மறுபடி அவர் வீட்டுக்குப் போனோம். நாலு பெயர் வந்தது. ஐந்தாவது வரவில்லை.

‘அஞ்சாவது ஆள் பேரு, தாத்தா?’

‘அன்னைக்கே சொன்னேனே கண்ணு. நீதான் போன்ல எழுதிக்கிட்டியே.’

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

அழித்த பையனைக் குறை சொல்லிப் பயனில்லை. இந்தக் கருவியை வைத்த நாங்கள்தான் யோசித்திருக்க வேண்டும். ஓர் இடத்தை அழித்தால் அதோடு இணைந்த ஆட்களும் போகவேண்டும் என்பது ஜாங்கோவின் கட்டளை இல்லை. அமைப்பவர் தேர்ந்தெடுக்கும் வழிகளில் ஒன்று. ‘ஆட்கள் இணைந்திருக்கும்வரை இடத்தை அழிக்கவே விடாதே’ என்றும் ஒரே சொல்லில் எழுதியிருக்கலாம். இன்னொன்றும் தெரிந்துகொண்டோம். யார், எப்போது, எந்தக் கட்டத்தைத் திருத்தினார் என்று ஜாங்கோ ஒரு வரலாறு வைத்துக்கொள்கிறது. ஆனால், திருத்துவதற்கு முன் அந்தக் கட்டத்தில் என்ன இருந்தது என்பதை அந்த வரலாறு சொல்வதில்லை. அதற்குத் தனியாக ஓர் இணைப்பு நிரலைச் சேர்க்க வேண்டும். கையெழுத்து இருக்கிறது, அடிக்கப்பட்ட சொல் இல்லை. பத்திர எழுத்தர் சிரித்திருப்பார்.

இதே கேள்விகளை மிகப் பெரிய அளவில் சந்தித்த முன்னோடி கர்நாடகத்திலேயே உண்டு. ‘பூமி’ திட்டம். சுமார் 9,000 கிராமக் கணக்கர்களின் கையில் இருந்த நிலப் பதிவேடுகளை மாநில அரசு கம்ப்யூட்டரில் ஏற்றியது. 67 லட்சம் விவசாயிகளின் 2 கோடிப் பதிவுகள். 2002 வாக்கில் தாலுகா அலுவலகத்தில் 15 ரூபாய் கட்டி நகல் வாங்க முடிந்தது. நகல் கிடைத்ததைத்தான் எல்லோரும் பாராட்டினார்கள். என்னைக் கவர்ந்தது திருத்தும் பகுதி. பதிவை மாற்றும் அலுவலர் பாஸ்வேர்டோடு நிற்க முடியாது, கைரேகை வைத்துத்தான் உள்ளே போகவேண்டும். மாற்றத்துக்கு ஆதாரமான உத்தரவை ஸ்கேன் செய்து சேர்க்க வேண்டும். விண்ணப்பங்கள் வந்த வரிசையில்தான் எடுக்கப்படும். வேண்டியவரை முன்னே தள்ள முடியாது. ‘நான் செய்யவில்லை’ என்று பிறகு யாரும் சொல்ல முடியாது.

கைரேகை என்றதும் தங்கவயலின் பழைய கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. 1930-ல் தொழிலாளர்களைப் பதிவு செய்து கைரேகை எடுக்க வேண்டும் என்று சுரங்க நிர்வாகம் ஏற்பாடு செய்தபோது, அவர்கள் மறுத்து வேலைநிறுத்தம் செய்தார்கள். பதிவேடு நிர்வாகத்தின் கையில். ரேகை மட்டும் தொழிலாளியுடையது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அவரால் பார்க்கவும் முடியாது, திருத்தச் சொல்லவும் முடியாது. எழுபது ஆண்டுகள் கழித்து ‘பூமி’ ரேகையைக் கேட்டது, எழுதுகிற அதிகாரியிடம். இதை நான் முன்னேற்றம் என்பேன்.

குறையில்லாத முன்னேற்றம் அல்ல. கிராமத்தில் மரத்தடியில் பேசித் தீர்த்த விஷயங்கள் தாலுகாவின் ஒரே ஜன்னலுக்குப் போயின. பெங்களூரைச் சுற்றிப் பெரிய அளவில் நிலம் வாங்குபவர்களுக்கே அது வசதியாகிவிட்டது என்று சாலமன் பெஞ்சமின் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2007-ல் எழுதினார்கள். நோட்டில் இருந்த பிழை கம்ப்யூட்டருக்குள் போனதும் பிழையாகத் தெரிவதில்லை, அச்செழுத்தில் வந்துவிட்டதல்லவா!

மறு கோடியில் இன்னொரு தொல்லை. ஆதார் அட்டையில் பெயரை இரண்டு முறைதான் திருத்தலாம், பிறந்த தேதியை ஒரு முறைதான். மோசடிக்குத் தடை என்ற வகையில் நியாயம்தான். ஆனால் இனிஷியலை முன்னால் போடுவதா பின்னால் போடுவதா, அப்பா பெயரை விரித்தெழுதுவதா என்று வாழ்நாள் முழுக்கத் தடுமாறும் தமிழனுக்கு இரண்டு முறை எந்த மூலைக்கு? எல்லோரும் எதையும் அழிக்கலாம் என்பது ஒரு கோடி, யாரும் எதையும் மாற்றக்கூடாது என்பது மறு கோடி. இரண்டுக்கும் நடுவில் நிற்பதற்குத் தமிழ் படித்தவனுக்கு ஒரு வழி தெரிந்திருக்க வேண்டும்.

உ.வே. சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். ஏட்டுக்கு ஏடு சொல் மாறியிருந்தது. தமக்குச் சரியென்று பட்டதை மேலே அச்சிட்டுவிட்டு மற்றதைத் தூக்கி எறிந்துவிடும் ஆள் அல்ல அவர். அவர் பதிப்புகளில் பிரதிபேதங்கள் அடிக்குறிப்பில் இடம்பெற்றன. பின்னால் வருபவர் அவரோடு முரண்படலாம். முரண்படுவதற்கான சான்றையும் அவரே கொடுத்துவிட்டுப் போகிறார். எம்.ஏ. வகுப்பில் இதைத் தேர்வுக்காகப் படித்தேன். தங்கவயலில்தான் புரிந்தது.

இப்போது எங்கள் கருவியில் அழிக்கும் பொத்தான் யாருக்கும் கிடையாது. தவறென்று தெரிந்த பதிவை ‘மறைத்து வை’ என்று குறிக்கலாம். இருவர் ஒப்ப வேண்டும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பழைய சொல்லும் புதிய சொல்லும் காரணமும் நிற்கும். பெயருக்கு ஒரே கட்டம் இல்லை: வீட்டில் அழைத்தது, சீட்டில் இருந்தது, சான்றிதழில் வந்தது என்று எத்தனை வேண்டுமானாலும் சேர்க்கலாம். ஆண்டு நிச்சயமில்லை என்றால் ‘சுமார்’ என்று போட இடம் உண்டு. நகல் இரவுதோறும் தானாகவே எடுக்கப்படுகிறது. பழைய நகலின் மேல் எழுதப்படுவதில்லை. எதுவும் முதலில் தாளில் எழுதப்படுகிறது. ஸ்கெலட்டன் ஒரே இடமாகிவிட்டது. மற்ற எழுத்துக்கூட்டல் அதன் கீழே இருக்கிறது.

அந்தப் பெரியவரின் கோஷ்டிக்கு ஐந்து வரிகள் போட்டிருக்கிறோம். நாலில் பெயர் இருக்கிறது. ஐந்தாவதில், பெயர்க் கட்டம் காலி. காரணம் என்ற கட்டத்தில் ‘சொல்லப்பட்டது, எங்களால் தொலைந்தது’ என்று அந்தப் பெண்ணே எழுதியிருக்கிறாள். கீழே அவள் பெயரும் தேதியும் இருக்கின்றன.