ஓய்வுநேரக் கைவேலை: அழித்து அழித்துக் கீறும் போர்க்களம்

மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர் அமர்ந்து, கற்பனைக் கதையொன்றைத் தாமே நடத்தி விளையாடும் வழக்கம் இன்று பல நாடுகளிலும் பரவியிருக்கிறது. 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் கரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் ஆக்கி வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ இவ்வகை ஆட்டங்களுக்கு முன்னோடி. ஒருவர் கதையை நடத்திச் செல்வார்; ஏனையோர் வீரராகவும் மந்திரவாதியாகவும் அதனுள் உலாவுவர்.

பேச்சினாலேயே நடக்கும் ஆட்டமாயினும், வாளை உருவும் வேளை வந்ததும் பேச்சு மட்டும் போதாது. “நான் தூணுக்குப் பின்னால் அல்லவா நின்றேன்?” என்பார் ஒருவர். “இல்லை, வாசலில் நின்றீர்” என்பார் மற்றவர். ஈற்றில் குரல் உயர்ந்தவரே வெல்வார். அடக்கமான பிள்ளை வாய்மூடி இருந்துவிடும். கட்டமிட்ட படமொன்று மேசையில் விரிந்திருக்குமானால் இந்த அநீதிக்கு இடமில்லை. யார் எண்ணினாலும் கணக்கு ஒன்றே.

இத்தேவை பழையது. பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்னும் பிரபு, 1812ஆம் ஆண்டளவில் தம் மன்னருக்குப் போர்ப் பயிற்சி மேசையொன்றைச் செய்தளித்தார். ஆறு, காடு, மேடு ஆகியவை அமைந்த சதுரத் துண்டுகளை விரும்பியவாறு அடுக்கி, வேண்டிய களத்தை அதிலே அமைக்கலாம். அவருடைய மைந்தர் 1824இல் அவ்வாட்டத்தைத் திருத்தி, 1:8000 என்னும் அளவிலான தேசப்படத்தின்மேல் ஆடும்படி செய்தார். தந்தையின் களம் மாற்றத்தக்கது. ஆனால் பெரிய மேசை வேண்டும். மைந்தரின் களம் சுருட்டத்தக்கது. ஆனால் இடத்துக்கு இடம் வேறு படம் வேண்டும். நாம் வீட்டில் செய்யப்போவது இரண்டு நன்மைகளையும் உடையது.

இதற்கு ஒரு விதியை மனத்திற் கொண்டாற் போதும். கட்டக் கோடுகள் நிலைக்க வேண்டும்; களத்தின் சித்திரம் அழிய வேண்டும். ஆதலின் இரண்டும் ஒரே பரப்பில் இருத்தலாகாது. கோடுகள் கண்ணாடி போன்ற தெளிந்த தாளின் கீழும், சித்திரம் அதன் மேலும் அமைய வேண்டும்.

ஏ3 அளவுள்ள வெள்ளைக் கடதாசிகள் நான்கை எடுத்து, ஒவ்வொன்றையும் 16 அங்குல நீளமும் 11 அங்குல அகலமும் உள்ளதாக வெட்டுக. எதிரெதிர் ஓரங்களில் ஓர் அங்குல இடைவெளியில் புள்ளியிட்டு, அவற்றை இணைத்துக் கோடு கீறுக. அடிமட்டத்தை அங்குலம் அங்குலமாக நகர்த்திக் குறித்தால் சிறு பிழைகள் சேர்ந்து கடைசிக் கட்டம் கோணலாகும். ஒரே வைப்பில் எல்லாப் புள்ளிகளையும் இடுவதே நன்று. கோடுகள் மெல்லிய சாம்பல் நிறமாய் இருக்கட்டும். கருங்கோடு மேலே வரையும் சித்திரத்தை விழுங்கிவிடும். நான்கு தாள்களையும் பின்புறத்தில் நாடா ஒட்டி இணைத்தால் 32க்கு 22 என 704 கட்டங்கள் கிடைக்கும். கட்டமொன்று ஐந்தடி என்பது அவ்வாட்டத்தின் பிற்காலப் பதிப்புகளில் உள்ள வழக்கம். ஆகவே 160 அடி நீளமும் 110 அடி அகலமும் உள்ள களம் உங்கள் மேசையில் அடங்கிவிடும். அமெரிக்காவில் சிலவகைப் பரிசுப்பொதித் தாள்களின் பின்புறத்தில் ஓர் அங்குலக் கட்டங்கள் அச்சிடப்பட்டிருப்பதுண்டு. அங்குள்ள ஆட்டக்காரர் அதனையே பயன்படுத்திக் கோடு கீறும் வேலையை மிச்சப்படுத்துவர்.

மேலே விரிப்பதற்கு, மேசைவிரிப்பாக விற்கப்படும் தெளிந்த பிளாஸ்டிக் தாள் ஏற்றது. இங்கேதான் பேனையில் கவனம் வேண்டும். மென்மையான பிளாஸ்டிக்கில் வெண்பலகைப் பேனை கறையாகத் தங்கிவிடக்கூடும்; ஈரத்துணியால் அழியும் பேனையே அதற்கு உரியது. வெண்பலகைப் பேனையே கைவசம் இருந்தால், பிளாஸ்டிக்குக்குப் பதிலாக ஓரம் தீட்டிய கண்ணாடியை வைக்கலாம். அழியாத மையுள்ள பேனையை அருகிலும் வைக்க வேண்டாம். தவறிக் கண்ணாடியில் அதனாற் கீறிவிட்டால், அக்கோட்டின்மேல் வெண்பலகைப் பேனையால் பூசி உடனே துடைக்க, இரண்டும் சேர்ந்து நீங்கும். எப்பேனையாயினும் முதலில் ஒரு மூலையில் கீறிப் பார்த்தல் வேண்டும்.

ஆட்டம் முடிந்த அன்றிரவே துடைத்துவிடுக. நாட்பட்ட மை எளிதில் விடாது. மடிக்காமற் சுருட்டி வைக்க வேண்டும். மடிப்பு விழுந்த இடத்தில் காய்கள் சரியும். காய்களுக்குச் சட்டைப் பொத்தானும் புளியங்கொட்டையும் போதும். மனிதனுக்கு ஒரு கட்டம். குதிரை போன்ற பெரிய விலங்குக்கு நான்கு.

களம் முழுவதையும் முன்கூட்டியே வரைந்துவிட வேண்டாம். கதவு திறக்கப்படும்போது அந்த அறையை வரைக. விளக்கின் ஒளி எட்டும்வரை குகையை வரைக. கடையில் வாங்கிய அச்சுப்படம் தன் இரகசியங்களை விரித்தவுடனேயே சொல்லிவிடும். பேனை மெல்ல நகர்வதைப் பிள்ளைகள் மூச்சடக்கிப் பார்த்திருக்கும் இன்பம் அதில் இல்லை.

எதிர்வரும் விடுமுறை நாளில் செய்து பாருங்கள். கட்டங்களை எண்ணிச் சொல்லும் பொறுப்பை மட்டும் வீட்டில் மிகக் குறைவாகப் பேசும் பிள்ளையிடம் ஒப்படையுங்கள்.