குருதித் துளி கூறும் சாட்சி

பிறந்து இரண்டொரு நாளான சிசுவின் குதிகாலில் ஊசியாற் குத்தி, சில துளி இரத்தத்தைத் தடித்த தாளில் ஊறவிட்டு உலர்த்தி எடுக்கிறார்கள். பரம்பரை நோயொன்றை முளையிலேயே கண்டறிவதற்காக, 1960களின் தொடக்கத்தில் அமெரிக்க விஞ்ஞானி றொபேட் கத்ரி வகுத்த எளிய வழி இது. இன்று பல நாடுகளில், ஏழை பணக்காரன் என்ற பேதமின்றி, பிறக்கும் குழந்தைகள் அனைவரிடமிருந்தும் இத்தாள் பெறப்படுகிறது. அதில் அடங்கியுள்ள மற்றொரு செய்தியை வாசிக்க மட்டும் பெரும்பாலான அரசுகளுக்கு மனம் வரவில்லை.

சைற்றோமெகலோ வைரசு வளர்ந்தோரை அநேகமாக வருத்துவதில்லை. கருவிலுள்ள சிசுவையோ அது ஆயுள் முழுவதும் வருத்தக் கூடும். செல்வந்த நாடுகளிற்கூட ஏறத்தாழ 200 பிறப்புகளுக்கு ஒரு குழந்தை இத்தொற்றோடு பிறக்கிறது. அவர்களிற் பத்தில் ஒன்பது பேர் பிறக்கும்போது நலமாகவே தோன்றுவர். ஆயினும், அவ்வாறு தோன்றியவர்களிலும் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேர் செவிப்புலனை இழக்கின்றனர். சிலர் ஆண்டுகள் சென்ற பின்னரே இழக்கின்றனர். ஆசிரிய நண்பர்களே, கடைசி வாங்கிலே 'மந்தம்' என்று ஒதுக்கப்பட்ட பிள்ளை கேளாத பிள்ளையாக இருந்திருக்கக் கூடும் என எண்ணிப் பார்த்ததுண்டா?

உமிழ்நீரிலோ சிறுநீரிலோ இவ்வைரசைத் தேடுவதாயின் பிறந்து 21 நாட்களுக்குள் தேட வேண்டும். அதன் பின்னர் காணப்படும் தொற்று கருவில் வந்ததா, பிறந்த பின் வந்ததா என்று பிரித்தறிய இயலாது. அப்போது எஞ்சியிருக்கும் சாட்சி, பிறந்த வேளையில் உலர்த்திய அந்தக் குருதித் துளி ஒன்றே.

"சோதனை பூரணமானதன்று" என்பார் சிலர். 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வில், தொற்றுற்ற குழந்தைகளில் மூன்றிலொரு பங்கினரையே இத்துளி காட்டிக்கொடுத்தது உண்மை. ஆனால் விஞ்ஞானம் அங்கேயே நின்றுவிடவில்லை. முறைகள் திருந்தியபின், 2021இல் வெளியான மினசோட்டா ஆய்வு ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினரைக் கண்டது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் 2019இலும், மினசோட்டா மாநிலம் 2023இலும் இச்சோதனையைப் பிறக்கும் குழந்தைகள் அனைவருக்கும் உரியதாக்கின. துளியில் வைரசு தென்படவில்லை என்பதனால் தொற்றே இல்லை என்றாகாது. அதைப் பெற்றோருக்கு ஒளியாமற் சொல்லுவோம். ஆனால் ஒருவர் தவறிவிடுவார் என்பதற்காக நால்வரையும் இருளில் விடுவது எந்த நியாயம்?

"பிறந்தவுடன் செய்யும் செவிச் சோதனையில் தவறியோரை மட்டும் ஆராய்ந்தாற் போதும்" என்பது அடுத்த வாதம். ஏறத்தாழ ஒரு இலட்சம் குழந்தைகளை ஆராய்ந்து 2017இல் வெளியான அமெரிக்க ஆய்வின்படி, இவ்வைரசினாற் செவிப்புலன் குன்றிய பச்சிளங் குழந்தைகளில் 57 வீதத்தினரையே இவ்வழி கண்டுபிடிக்கிறது. பின்னர் குன்றப்போவோர் இக்கணக்கிலேயே இல்லை!

"கண்டறிந்தும் பயனென்ன?" என்று கேட்போரும் உளர். நோய்க்குறிகளோடு பிறந்த குழந்தைகளுக்கு முதல் மாதத்திலேயே தொடங்கி ஆறு மாதம் கொடுக்கும் வல்கன்சிக்ளோவிர், செவிப்புலனிலும் வளர்ச்சியிலும் ஓரளவு நன்மை தருவதை 2015இல் வெளியான ஆய்வு காட்டிற்று. மருந்து வேண்டாத குழந்தைக்கும் தொடர்ந்த செவிச் சோதனை, கேட்டற் கருவி, சைகை மொழி ஆகியன உண்டு. இவற்றுக்கு வேண்டியது காலத்தே அறிவது ஒன்றுதான்.

இனி, இந்த அறியாமையின் சுமை யார் தலையில் விழுகிறது? அதே அமெரிக்க ஆய்வுத் திட்டத்தில், கறுப்பினக் குழந்தைகளிடையே இத்தொற்று வெள்ளையினக் குழந்தைகளிலும் மூன்று மடங்குக்கு மேலாகக் காணப்பட்டது. வசதியுள்ளவன் பணம் கொடுத்து வைத்திய நிபுணரை நாடுவான். வசதியற்றவனின் பிள்ளைக்கு அரசின் சோதனையே கதி.

மக்களின் இரத்தத்தை மக்கள் அறியாமற் பயன்படுத்தலாமா என்ற கேள்வி நியாயமானது. சோதனைக்கு அப்பாற்பட்ட பயன்பாட்டுக்கு எழுத்து மூலமான சம்மதம் வேண்டுமென 2011இல் மினசோட்டா உயர்நீதிமன்றம் தீர்த்தது சரியே. ஆனால் அத்தீர்ப்பை அடுத்துப் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட தாள்கள் அழிக்கப்பட்டன. அவற்றோடு எத்தனையோ பிள்ளைகளின் சாட்சியும் அழிந்தது. சம்மதத்தைக் கேட்டுப் பெறுவதே ஜனநாயகம். சாட்சியை அழிப்பது அன்று.

குழந்தை தன் குருதியைத் தந்துவிட்டது. அதை வாசித்துச் சொல்லும் கடமை சமுதாயத்தினுடையது.